சிறு நகரத்தில் இலாப நோக்கமற்ற கலைக்கூடமும் இசை அரங்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்டா மாவட்டம் ஒன்றின் சிறு நகரத்தில், நின்றுபோன அரிசி ஆலையின் கிடங்கை இசைக்கும் நாடகத்துக்கும் ஓவியத்துக்கும் உரிய பொதுக்கூடமாக நடத்திவரும் குழுவில் நானும் இருக்கிறேன். நுழைவாயிலிலும், நன்கொடை கேட்டுப் போகும் கடைகளிலும், தங்கள் ஊரிலும் இப்படி ஒன்று தொடங்க வேண்டும் என்று வருகிறவர்களிடமும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால், அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றிய பகுதிகள் தமிழ்நாட்டில் கூடம் நடத்துவோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பதிவுக்கும் வரிக்கும் உங்கள் தணிக்கையாளரிடம் ஒருமுறை காட்டிவிட்டே கையெழுத்திடுங்கள்.

"இது சபாவா, கல்யாண மண்டபமா, கிளப்பா? ஒண்ணும் புரியலையே."

இவற்றுள் சபாவே இதற்கு மிக நெருக்கமானது. கலையை விரும்பும் சிலர் கூடி, சந்தா திரட்டி, கலைஞர்களை அழைத்துப் பொதுமக்கள் முன் பாட வைக்கும் வழக்கம் சென்னையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேரூன்றிவிட்டது. டெல்டா நகரங்களிலும் சபாக்கள் இருந்தன, சில இன்றும் இருக்கின்றன. நாங்கள் அந்த மரபின் பிள்ளைகள்தாம். ஆனால், ஒரே ஒரு கலைவடிவத்துக்கு என்று கூடத்தை ஒதுக்கவில்லை. கர்நாடக இசை நடந்த மேடையில் அடுத்த வாரம் கட்டைக்கூத்து நடக்கும். அதற்கடுத்த வாரம் சொந்தமாகப் பாட்டு எழுதி கிட்டாருடன் பாடும் இளைஞர்கள் வருவார்கள்.

மண்டபத்திலிருந்து இதை வேறுபடுத்துவது உடைமை. இந்தக் கூடத்துக்கு உரிமையாளர் என்று எவரும் இல்லை. வரும் பணம் கூடத்தின் நோக்கத்துக்கே திரும்பிச் செல்ல வேண்டும் என்பது பதிவு ஆவணத்தில் எழுதப்பட்ட கட்டளை.

"இலாப நோக்கமில்லைன்னா எதுக்கு டிக்கெட் போடறீங்க?"

இலாப நோக்கமின்மை என்பது வருமானமின்மை அன்று. மிஞ்சுவதை எவரும் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது என்பதே அதன் பொருள். மின்கட்டணம், ஒலி அமைப்பு, துப்புரவுப் பணியாளர் கூலி, கலைஞர் சன்மானம் ஆகிய எதுவும் நோக்கத்தைப் பார்த்துக் குறைந்துவிடுவதில்லை.

இலவசம் என்று அறிவிக்கப்படும் கச்சேரிக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். பெரும்பாலும் அந்த ஒருவர் பேருந்துக் கட்டணம்கூடக் கிடைக்காமல் திரும்பும் கலைஞராகவே இருக்கிறார். ஆகவே குறைந்த விலையில் சீட்டு வைக்கிறோம். மாணவர்களுக்கும் கூலி வேலை செய்வோருக்கும் வாசலில் உண்டியல்தான். முடிந்ததைப் போட்டால் போதும், போடாவிட்டாலும் உள்ளே வரலாம்.

"சின்ன ஊர்ல இதுக்கெல்லாம் யாருங்க வருவாங்க?"

கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், சாகர வட்டத்தில் ஹெக்கோடு என்று ஒரு கிராமம் இருக்கிறது. பாக்குத் தோட்டங்கள் சூழ்ந்த அந்த ஊரில் 1949-இல் கே.வி. சுப்பண்ணாவும் நண்பர்களும் நீநாசம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1972-இல் அங்கே கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தின் பெயரில் ஓர் அரங்கம் எழுந்தது. 1980-இல் நாடகப் பள்ளி தொடங்கியது. 1985 முதல் 'திருகாட்ட' என்ற பயணக்குழு ஊர் ஊராக நாடகம் போட்டு வருகிறது. 1991-இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. ஊரின் அளவு கலைக்குத் தடையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஹெக்கோட்டில் பார்வையாளர்கள் ஆயத்தமாக இருந்து வரவில்லை. பல ஆண்டுக்கால உழைப்பில் உருவானார்கள்.

சிறு நகரத்தில் கூட்டம் வராமைக்குக் காரணம் பெரும்பாலும் ரசனைக் குறைவு அன்று, கடைசிப் பேருந்து. எட்டே முக்காலுக்கு மினி பஸ் போய்விடும் என்றால் எட்டரைக்குக் கச்சேரி முடிந்தாக வேண்டும். ஆறு மணி என்று அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டு ஏழுக்குத் தொடங்கும் வழக்கம் இருக்கும்வரை, சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் வரமாட்டார்கள். அடுத்த காரணம் கழிப்பறை. தாழ்ப்பாள் சரியாக விழும், விளக்கு எரியும், தண்ணீர் வரும் கழிப்பறை ஒன்று இருந்தால் பெண் பார்வையாளர்களின் வருகை கண்கூடாக உயரும். புதிய ஒலிபெருக்கி வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

"அறக்கட்டளையா, சங்கமா, கம்பெனியா? எதைப் பதிவு செய்வது நல்லது?"

மூன்று வழிகள் உண்டு. அறக்கட்டளையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணம் எழுதிப் பதியலாம். அமைப்பது எளிது, ஆனால் அதிகாரம் அறங்காவலர் சிலரிடமே தங்கிவிடும். சங்கத்தை 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கை நிறைவேற்றி, படிவங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி இலாப நோக்கமற்ற நிறுவனமாகவும் பதியலாம். ஒழுங்குமுறை மிகுந்தது, தணிக்கைச் செலவும் கூடுதல்.

நான் சங்கத்தையே பரிந்துரைப்பேன். பொதுக்குழு, தேர்தல், தீர்மானப் புத்தகம் என்று வேலை கூடுதல்தான். ஆனால் ஊருக்கு உரிய கூடம் என்று சொல்லிவிட்டு, ஊரார் கேள்வி கேட்கும் நாள் ஒன்றுகூட ஆண்டில் இல்லை என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை.

"நன்கொடை கொடுத்தா எனக்கு வரிச்சலுகை கிடைக்குமா?"

அமைப்பு பதிவானதால் மட்டும் கிடைக்காது. வருமான வரித் துறையில் இரண்டு தனிப் பதிவுகள் வேண்டும். ஒன்று அமைப்பின் வருமானத்துக்கு விலக்குத் தருவது. மற்றது நன்கொடையாளருக்குக் கழிவு தருவது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவை 12ஏபி, 80ஜி என்று அறியப்பட்டவை. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன, பேச்சில் மட்டும் பழைய எண்களே புழங்குகின்றன. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடைக்காது. எனவே காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். நிரந்தரக் கணக்கு எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.

"பழைய ரைஸ் மில் ஒன்று சும்மா கிடக்கிறது. அதிலேயே ஆரம்பித்துவிடலாமா?"

தொடங்கலாம், ஆனால் மூன்று பேரை அழைத்துக் காட்டிய பிறகு. முதலாமவர் கட்டடப் பொறியாளர்: சுவரும் கூரைத் தாங்கிகளும் உறுதியாக உள்ளன என்று அவர் சான்று தர வேண்டும். பொதுமக்கள் கூடும் கட்டடத்துக்கு 1965-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டத்தின்படி வட்டாட்சியரிடம் உரிமம் பெறும்போது இந்தச் சான்று இல்லாமல் நகர முடியாது. இரண்டாமவர் தீயணைப்பு நிலைய அலுவலர். மூன்றாமவர் மின்பணியாளர், ஆலைக்கு மும்முனை இணைப்பு இருந்திருந்தால் நல்ல தொடக்கம், ஆனால் உள்ளே ஓடும் பழைய ஒயர்களை எலி கடித்திருக்கும், எர்த் அறுந்திருக்கும். எர்த் சரியில்லாத கூடத்தில் ஒலிபெருக்கியில் இடைவிடாத இரைச்சல் கேட்பது சிறிய தொல்லை. மைக்கைத் தொட்ட பாடகருக்கு மின்னதிர்ச்சி ஏற்படுவது உயிருக்கே ஆபத்து.

ஆலைக் கிடங்குகளில் ஒரு நன்மை உண்டு. சுண்ணாம்புக் காரை பூசிய தடித்த செங்கற்சுவர் வெளிச்சத்தத்தை நன்கு தடுக்கும். தீமை கூரையில் இருக்கிறது. தகரக் கூரையின்மேல் ஐப்பசி மழை இறங்கினால் பாடகருக்குத் தம்புராவே கேட்காது. கீழே இடைவெளி விட்டுப் பொய்க்கூரை போடும்வரை மழைக்காலத்தில் ஓவியக் கண்காட்சியும் பயிற்சிப் பட்டறையும் வைத்துக்கொண்டு, கச்சேரிகளைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

"வாசல்ல கீற்றுக் கொட்டகை போட்டால் செலவும் கம்மி, காத்தும் வருமே?"

வேண்டாம். இதில் விலக்கே இல்லை. 2004 ஜனவரியில் திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தலில் தீப்பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளி ஒன்றின் கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். இரண்டும் எங்கள் பகுதியில் நடந்தவை. மேடை விளக்கு, மின்கம்பி, நெருக்கமான கூட்டம் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் கீற்றுக்கு இடமில்லை. கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். நிகழ்ச்சி நடக்கும்போது எந்தக் கதவுக்கும் பூட்டுப் போடக் கூடாது. சீட்டு வாங்காதவர்கள் நுழைந்துவிடுவார்கள் என்று பின்கதவைப் பூட்டும் பழக்கத்தை முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

"சுவத்துல முட்டை அட்டை ஒட்டினா சத்தம் வெளிய போகாதாமே?"

போகும். முட்டை அட்டை அறைக்குள் எழும் எதிரொலியில் மேல்சுருதிகளைச் சற்றுக் குறைக்கலாம். ஒலி வெளியேறுவதைத் தடுக்காது. அதோடு எளிதில் தீப்பற்றும் என்பதால் மேலே சொன்ன காரணமே இதற்கும் பொருந்தும்.

இங்கே இரண்டு வேறு வேலைகளை மக்கள் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். உள்ளே ஒலி தெளிவாகக் கேட்க வேண்டுமானால் எதிரொலியை உறிஞ்சும் பொருள் வேண்டும்: பின்சுவரில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரை, மரச்சட்டத்தில் அடைத்த கனிமக் கம்பளி (ராக்வூல்), நிறைந்த பார்வையாளர் வரிசை. வெளியே ஒலி போகாதிருக்க வேண்டுமானால் கனமும் அடைப்பும் வேண்டும்: தடித்த சுவர், இடுக்கில்லாத கதவு, சாளரத்துக்கு இரட்டை மறைப்பு. தவிலில் தொப்பி எனப்படும் பக்கத்திலும் பேஸ் கிட்டாரிலும் பிறக்கும் தாழ்ந்த அதிர்வுகளைத் திரை எதுவும் நிறுத்தாது. அதற்கு மலிவான வழி ஒன்றே: ஒலிபெருக்கிகளைப் பக்கத்து வீட்டுக்கு எதிர்த்திசையில் திருப்பி வைத்து, அளவைக் குறைப்பது.

"மைக் செட் எவ்வளவு பெரிசா வேணும்?"

நூற்றைம்பது பேர் அமரும் கூடத்துக்கு நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது போதும். நாகஸ்வரமும் தவிலும் கோயில் வீதிகளில் ஒலிக்கவென்று வளர்ந்த கருவிகள். மூடிய கூடத்தில் அவற்றுக்கு மைக் வைப்பது கேட்போரின் காதுக்குச் செய்யும் கொடுமை. வீணைக்கும் வயலினுக்கும் குரலுக்கும் மைக் வேண்டும். மிருதங்கத்துக்கு வைத்தால், அதன் ஒலி உயரும் அளவுக்குக் குரலும் உயர்ந்து, குரலுக்கு ஈடாக வயலினும் உயர்ந்து, அரைமணி நேரத்தில் எல்லாரும் கத்திக்கொண்டிருப்பார்கள். நல்ல மிக்ஸர் ஒன்று, இரண்டு ஒலிபெருக்கிகள், மேடையில் பாடுவோருக்குத் தம் குரல் கேட்கச் சிறிய மானிட்டர் இரண்டு, அவற்றை அறிந்து இயக்கும் ஒருவர் என்று தொடங்குங்கள். கருவிகளைவிட அந்த ஒருவரைப் பயிற்றுவிப்பதில் செலவிடுங்கள்.

பறைக்குழு வரும்போது மைக்கை மறந்துவிட்டு முற்றத்தைத் தயார் செய்யுங்கள். ஆட்டத்துக்கு முன் பறையைக் காய்ச்ச வேண்டும். வைக்கோலைக் கொளுத்தித் தோலை அந்தச் சூட்டில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, ஓசை கணீரென்று வந்த பிறகே வாரைத் தோளில் மாட்டுவார்கள். ஆட்டத்தின் நடுவிலும் தோல் தளர்ந்தால் மீண்டும் காய்ச்சுவார்கள். இதற்குக் கட்டடத்திலிருந்து விலகிய இடம், இரண்டு வாளி மணல், தண்ணீர் ஆகியவை ஆயத்தமாக இருக்க வேண்டும். அந்த இடத்தைக் காட்டாமல், தெருவோரம் போய்க் காய்ச்சிக்கொள்ளுங்கள் என்று கலைஞர்களிடம் சொல்வது மரியாதை ஆகாது.

"ராத்திரி எத்தனை மணி வரைக்கும் நடத்தலாம்? கூத்துன்னா விடிய விடிய நடக்கணுமே?"

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. அரங்கம், சமுதாயக் கூடம் போன்ற மூடிய இடங்களுக்குள் கேட்பதற்கான ஒலிக்கு விலக்கு உண்டு; ஆனால் தனியிடத்தின் எல்லையில் அந்தப் பகுதிக்கான அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது என்ற கட்டுப்பாடு அப்போதும் நீடிக்கும். குடியிருப்புப் பகுதிக்கு அந்த அளவு பகலில் 55, இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்படக்கூடும் என்பதால், இடம் பார்க்கும்போதே அக்கம்பக்கத்தையும் பாருங்கள்.

பண்பாட்டு, சமய விழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி தர மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அதுவும் ஆண்டுக்கு மொத்தம் 15 நாளுக்கு மிகாமல். ஆகவே விடிய விடியக் கூத்து வைக்க விரும்பினால், பத்து மணிக்குப் பின் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுக் கதவுகளை அடைத்து நடத்துங்கள். மைக் வருவதற்கு முன் கூத்து அப்படித்தான் நடந்தது. முகவீணை என்ற சிறு ஊதுகருவியும் குரலும் கூடத்தை நிறைக்கும்.

"போலீஸ்ல அனுமதி வாங்கணுமா?"

ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வாங்க வேண்டும். நாடகப் பிரதியை முன்கூட்டிக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்று வற்புறுத்தப் பயன்பட்ட 1954-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்துவிட்டது. காவல் நிலையத்தில் நிகழ்ச்சி நிரலைக் கொடுத்துத் தகவல் தெரிவிப்பது நல்ல நடைமுறை. பிரதியைக் கொடுத்து ஒப்புதலுக்குக் காத்திருப்பது தேவையற்றது.

"பாட்டுக்கு உரிமை வாங்கணும்னு சொல்றாங்களே, தியாகராஜர் கீர்த்தனைக்குமா?"

இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். தியாகராஜர் 1847-இல் மறைந்தார். தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் அவருக்கும் முன்பே. அவர்களுடைய பாடல்கள் எல்லாருக்கும் பொது. ஆனால் பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தவர் என்பதால் அவருடைய படைப்புகளுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது. பழைய கச்சேரிப் பாட்டெல்லாம் பொது என்று எண்ணுவோர் தடுமாறும் இடம் இதுதான்.

இன்னொரு நுட்பம் உண்டு. பாரதியின் கவிதை பொதுச்சொத்து. அதே கவிதைக்கு அண்மைக்காலத்தில் ஒருவர் அமைத்த மெட்டு அவருடைய சொத்து. சொல்லுக்கும் மெட்டுக்கும் தனித்தனியே கணக்குப் பார்க்க வேண்டும்.

உரிமையுள்ள பாடல்கள் நிகழ்ச்சியில் இருந்தால் ஐபிஆர்எஸ் என்று அழைக்கப்படும் உரிமைச் சங்கத்திடம் முன்கூட்டி உரிமம் பெற வேண்டும். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் தொகை அதன்வழியே போகிறது. தாம் எழுதிய பாட்டைத் தாமே பாடும் சுயாதீனக் கலைஞருக்கு இது தேவையில்லை என்று தோன்றும். அவர் அந்தச் சங்கத்தில் உறுப்பினராகித் தம் நிகழ்த்து உரிமையை ஒப்படைத்திருந்தால், அவருடைய வாய்ச்சொல் மட்டும் போதாமல் போகலாம். ஒப்பந்தக் கடிதத்திலேயே இதைக் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

"இலவச நிகழ்ச்சின்னா சினிமாப் பாட்டு பாடலாம்தானே?"

சட்டத்தின் 52-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: தொழில்முறை அல்லாத மன்றமோ சங்கமோ, கட்டணம் செலுத்தாத பார்வையாளர் முன் நிகழ்த்தினால் அது உரிமை மீறல் ஆகாது. இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும். உள்ளூர் ஆசிரியர்களும் மாணவர்களும் மாலையில் கூடிப் பாடுவது இதில் அடங்கும். சன்மானம் பெறும் மெல்லிசைக் குழுவை வரவழைத்துவிட்டு, சீட்டு வைக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் விலக்குக் கோர முடியாது.

"கச்சேரியை செல்போன்ல எடுத்து யூடியூப்ல போடலாமா?"

கலைஞரின் ஒப்புதல் இல்லாமல் கூடாது. பாட்டு பொதுச்சொத்தாக இருந்தாலும், அன்று அவர் பாடியது அவருடையது. நிகழ்த்துநர் உரிமை என்று இதைச் சட்டம் தனியாக அங்கீகரிக்கிறது, அது 50 ஆண்டுகள் நீடிக்கும். எங்கள் கடிதத்தில் பதிவுக்கு ஒப்புதல், இணையத்தில் வெளியிட ஒப்புதல், வருமானம் வந்தால் பங்கு என்று மூன்றையும் தனித்தனியே கேட்கிறோம். முதலாவதற்குச் சரி, இரண்டாவதற்கு வேண்டாம் என்று சொல்லும் கலைஞர்கள் பலர். அது அவர்கள் விருப்பம்.

"வளர்ற கலைஞருக்கு மேடை குடுக்கறதே பெரிசு இல்லையா? பணம் வேற குடுக்கணுமா?"

கொடுக்க வேண்டும். இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு விடையைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மேடை கிடைத்ததே வெகுமதி என்று சொல்லி இளம் கலைஞர்களைப் பாட வைப்பதும், சில இடங்களில் அவர்களிடமே நன்கொடை கேட்பதும் நம்மிடம் நெடுநாள் பழகிப்போன அநீதி. பயணம், பக்கவாத்தியம், உடை, ஒத்திகைக்கு விட்ட வேலைநாள் என்று கலைஞர் ஏற்கனவே செலவழித்த பிறகுதான் நம் வாசலுக்கு வருகிறார்.

எங்கள் முறை இது. ஒவ்வொரு கலைஞருக்கும் குறைந்தபட்சத் தொகை ஒன்றைக் கடிதத்தில் எழுதிக் கொடுக்கிறோம். ஒருவர்கூட வராவிட்டாலும் அது உண்டு. சீட்டு வருவாய் அதைத் தாண்டினால் கூடுதலில் பெரும்பங்கு கலைஞருக்கே. எடுத்துக்காட்டாக, 100 ரூபாய்ச் சீட்டில் 120 பேர் வந்தால் 12,000 ரூபாய். குறைந்தபட்சம் 8,000 என்று ஒப்புக்கொண்டிருந்தால், மீதி 4,000-இல் 3,000 கலைஞருக்கும் 1,000 கூடத்துக்கும் போகும். பயணச்செலவும் உணவும் இதில் சேராது. பக்கவாத்தியக்காரருக்கான தொகையை முதன்மைக் கலைஞரிடம் மொத்தமாகக் கொடுக்காமல் அவரவர் கையிலோ கணக்கிலோ செலுத்துகிறோம். கூத்துக்குழு என்றால் வேடம் கட்டிவிடுபவர், ஒப்பனைக்கு உதவுபவர், வண்டி ஓட்டுபவர் வரை பட்டியல் கேட்டு வாங்குகிறோம்.

பணம் நிகழ்ச்சி முடிந்த அன்றே செல்ல வேண்டும். அடுத்த வாரம் அனுப்பிவைக்கிறோம் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுக் கலைஞர்கள் களைத்திருக்கிறார்கள். கையில் பணமில்லை என்றால் நிகழ்ச்சி வைக்காதீர்கள். மாதம் நான்கு வைப்பதற்குப் பதில் ஒன்று வைத்து முழுமையாகக் கொடுங்கள்.

"ஜிஎஸ்டி கட்டணுமா?"

சிறு கூடங்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. சேவைகளுக்கு ஆண்டு வருவாய் 20 இலட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு. அதற்கு மேலே போனாலும், இசை நிகழ்ச்சிக்கும் நாடகத்துக்கும் நபருக்கு 500 ரூபாய்க்கு மேற்படாத நுழைவுக் கட்டணத்துக்கு விலக்கு இருக்கிறது. நாட்டுப்புற, செவ்வியல் வடிவங்களில் இசை, நடனம், நாடகம் நிகழ்த்தும் கலைஞருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 1,50,000 ரூபாய் வரையிலான தொகைக்கும் விலக்கு உண்டு. ராக் குழுவுக்கு இந்த இரண்டாவது விலக்குப் பொருந்தாது. உள்ளாட்சிக் கேளிக்கை வரி இவற்றிலிருந்து தனியானது. சீட்டு அச்சடிக்கும் முன் நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

"கர்நாடக சங்கீதம் நடந்த மேடையில பறையும் கானாவும் ஏத்தறீங்களே, சரியா?"

சரி. கலைகளுக்குள் ஏற்றத்தாழ்வு என்று சொல்லப்படுவது, அவற்றை நிகழ்த்தும் மக்களுக்குள் கற்பிக்கப்பட்ட சாதி ஏற்றத்தாழ்வின் நிழல். சென்னையில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015 முதல் நடந்த விழாவில் மீனவர் குடியிருப்பின் நடுவே கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. பெருநகரத்தில் முடிந்தது சிறு நகரத்தில் கடினம் என்பதை மறுக்கவில்லை. இங்கே எல்லாரும் எல்லாருடைய தெருவையும் அறிவார்கள். அதனாலேயே இங்கே செய்வது இன்னும் அவசியம்.

கொள்கையை மேடையில் பேசுவதைவிட நடைமுறையில் காட்டுவது முக்கியம். எல்லாக் கலைஞர்களுக்கும் ஒரே ஒப்பனை அறை, ஒரே பந்தி, ஒரே டம்ளர், ஒரே குறைந்தபட்சத் தொகை. இருக்கை முன்பதிவு எவருக்கும் இல்லை. முதலில் வருபவர் முன்னால் அமர்வார். முதியோருக்கும் நடக்க இயலாதோருக்கும் மட்டும் ஓரத்தில் நாற்காலிகள் வைத்திருக்கிறோம்.

"எங்க மாமா கனடாவுல இருக்கார். பணம் அனுப்பறேங்கறார், வாங்கிக்கலாமா?"

அவர் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாக் குடியுரிமை பெற்றுவிட்டால், வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் (ஓசிஐ) அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடையே. அதைப் பெற 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். அதற்கு அமைப்பு மூன்று ஆண்டுகள் இயங்கி, அந்த மூன்று ஆண்டுகளில் தன் நோக்கத்துக்காக 15 இலட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். பணம் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில்தான் இறங்க வேண்டும். பதிவு இல்லாமல் சிறு தொகையும் வாங்காதீர்கள். மாமா ஊருக்கு வரும்போது நம்முடன் உட்கார்ந்து கச்சேரி கேட்கட்டும்.

"ஒரு பெரிய நன்கொடை தர்றேன். என் பேர்ல பலகை வைப்பீங்களா?"

நன்றி தெரிவித்துப் பெயர் எழுதிய சிறு பலகை வைக்கலாம். விளம்பரமாக அமையாமல் நன்றியறிவிப்பாக மட்டும் இருக்கும் பெயர்ப்பலகைக்கு ஜிஎஸ்டி இல்லை என்று 2019 அக்டோபரில் சுற்றறிக்கை வந்தது. கடையின் பொருளையும் தொலைபேசி எண்ணையும் போட்டால் அது விளம்பரம். கணக்கும் வரியும் மாறிவிடும். சாதிச் சங்கங்களின் பெயரிலும் கட்சிகளின் பெயரிலும் நாங்கள் பலகை வைப்பதில்லை. யார் பாட வேண்டும், யார் பாடக் கூடாது என்று சொல்லும் உரிமை எந்தத் தொகைக்கும் கிடையாது.

"மாசத்துல நாலு நாள் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டா கஷ்டமே இருக்காதே?"

கணக்களவில் கவர்ச்சியான யோசனை. ஆனால் வரிவிலக்குப் பெற்ற அமைப்பு, பொதுநலன் என்ற இனத்தின்கீழ் பதிவாகியிருந்தால், வணிக இயல்புள்ள வருவாய் ஆண்டின் மொத்த வருவாயில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த ஆண்டுக்கான விலக்கையே இழக்க நேரிடும். நான்கு முகூர்த்த நாள் வாடகை அந்த எல்லையை எளிதில் தொட்டுவிடும்.

வரியைத் தள்ளிவைத்தாலும் எனக்கு இதில் உடன்பாடில்லை. முகூர்த்த நாள்கள் வார இறுதியிலும் தை, வைகாசி, ஆவணியிலும் வரும்; கச்சேரிக்கு உரிய நாள்களும் அவைதாம். இரண்டு ஆண்டில் கலைக்கு மிஞ்சும் நாள் செவ்வாய்க்கிழமை மட்டும் என்று ஆகிவிடும். பகல் நேரத்தை நடன வகுப்புக்கும், போட்டித் தேர்வுக்குப் படிப்போருக்கும், மகளிர் குழுக் கூட்டத்துக்கும் குறைந்த கட்டணத்தில் கொடுங்கள். தொகை சிறியது, ஆனால் கூடத்துக்கு வந்து பழகிய அந்த மக்களே மாலையில் பார்வையாளராகவும் வருகிறார்கள்.

"நீங்க நாலஞ்சு பேர் இருக்கறவரைக்கும் ஓடும். அப்புறம் யார் நடத்துவாங்க?"

நியாயமான கேள்வி. நீநாசம் பற்றி மேலே சொன்னேன். சுப்பண்ணா 2005-இல் மறைந்த பிறகும் அது இயங்குகிறது, ஏனெனில் பயிற்சி பெற்றவர்களை அது தொடர்ந்து உருவாக்கி வைத்திருந்தது. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் உள்ள கட்டைக்கூத்துச் சங்கம் 1990-இல் தொடங்கியது. அது 2002 முதல் நடத்திய குருகுலம் 2020-இல் நிறுத்தப்பட்டது. ஒரு பணி முடிவதும் அமைப்பு முடிவதும் ஒன்றல்ல.

எங்களிடம் பொறுப்புகளுக்குக் கால வரம்பு இருக்கிறது; ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் செயலாளராக இருக்க முடியாது. மிக்ஸரை இயக்கவும், சீட்டுக் கணக்கை முடிக்கவும், கலைஞருக்குக் கடிதம் எழுதவும் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு இளையோர் பழகி வருகிறார்கள். கணக்குப் புத்தகம் நிகழ்ச்சி நாள்களில் வாசல் மேசையில் இருக்கும். சங்கம் கலைக்கப்பட்டால் சொத்துகள் உறுப்பினர்களுக்குப் போகாமல் இதே நோக்கமுள்ள வேறோர் அமைப்புக்கே சேர வேண்டும் என்ற பிரிவும் விதிமுறைகளில் உண்டு. நீங்கள் பதிவு செய்யும்போது அந்தப் பிரிவு விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் விதிமுறைகளின் நகலும் அதே மேசையில் கிடைக்கும்.